கிளமென்டே கையெழுத்திட்ட பந்து: நம்பலாமா?

பிட்ஸ்பர்க் வாசி:

வணக்கம் நண்பர்களே. ஒரு பேஸ்பால் பந்து ஐந்து வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என் மகன் இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்தான். எட்டு வயதிலிருந்து பேஸ்பால் ஆடுகிறான். அப்போதிலிருந்தே 21 எண் போட்ட சட்டைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவன். இந்த ஊரில் அதற்குக் காரணம் கேட்க மாட்டார்கள். ஆலிகெனி ஆற்றின் மேல், எங்கள் ஊர் பைரட்ஸ் அணிக்கு ஆடிய ரொபெர்ட்டோ கிளமென்டே பெயரில் ஒரு பாலம் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் பைரட்ஸ் அணியின் மைதானம். அங்கே வலது பக்கச் சுவர் 21 அடி உயரம், அவருடைய சட்டை எண்ணுக்காக. அவர் கையெழுத்திட்ட பந்து ஒன்றை வாங்கி மகனுக்குக் கொடுக்க வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகப் பணம் சேர்த்தேன். வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு கடையிலிருந்து, இணையம் வழியாக, 1,850 டாலருக்கு வாங்கினேன். கூடவே ஒரு சான்றிதழும் வந்தது. தடித்த தாள், பொன்னிற முத்திரை, பந்திலும் தாளிலும் ஒரே எண் கொண்ட ஹோலோகிராம்.

பையன் பெட்டியைத் திறந்ததும் பூரித்துப்போனான். இரண்டு நாள் கழித்து, தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "அப்பா, இது எழுதினது மாதிரி இல்லை, வரைந்தது மாதிரி இருக்கிறது" என்றான். அன்றிலிருந்து எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

பந்தின் ஒரு பக்கம், தையல்கள் நெருங்கி வரும் குறுகலான இடத்தில், நீல மையில் கையெழுத்து. நேர் எதிர்ப்பக்கம், பைரட்ஸ் ஆடும் நேஷனல் லீகின் அதிகாரபூர்வப் பந்து என்ற அச்சும், அதன் கீழே சார்ல்ஸ் ஃபீனி என்ற லீக் தலைவரின் அச்சுக் கையெழுத்தும் இருக்கின்றன. படங்களை இணைத்திருக்கிறேன். மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வலதுகளம்:

முதலில் ஒரு நல்ல செய்தி. பழைய பந்தைக் கையில் எடுத்தால் லீக் தலைவர் பெயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நேஷனல் லீகில் வாரன் ஜைல்ஸ் 1951 முதல் 1969 வரை, அவருக்குப் பின் ஃபீனி 1970 முதல் 1986 வரை. கிளமென்டே கடைசியாக ஆடியது 1972. ஆகவே ஃபீனி பந்தில் அவர் கையெழுத்து இருக்க வழியிருக்கிறது. மற்றொரு லீகான அமெரிக்கன் லீகின் தலைவர் ஜோ குரோனின் பெயர் அச்சிட்ட பந்தில், பழம்பெரும் வீரர் பேப் ரூத் கையெழுத்து என்று சொல்லி விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குரோனின் தலைவரானது 1959இல்; ரூத் இறந்தது 1948இல். உங்கள் பந்தில் அப்படி அபத்தம் எதுவும் இல்லை. பதற வேண்டாம்.

கடைத்தெரு:

சான்றிதழ் இருக்கிறது, எண் இருக்கிறது, ஹோலோகிராம் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு கடைக்காரர் என்ன தர முடியும்? எல்லாவற்றையும் சந்தேகித்தால் எதையுமே வாங்க முடியாது.

மைத்துளி:

கடைத்தெரு நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த எண்ணம்தான் ஆயிரக்கணக்கானவர்களை ஏமாளிகளாக்கியது. ஒரு தாளை அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? கையெழுத்தையே போலியாகப் போடத் துணிந்தவனுக்குச் சான்றிதழில் என்ன தயக்கம் வந்துவிடப் போகிறது?

எஃப்.பி.ஐ.யின் "ஆபரேஷன் புல்பென்" என்ற போலிக் கையெழுத்து விசாரணை பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1990களில் சிகாகோவில் மைக்கேல் ஜோர்டன் பெயரிலான போலிப் பொருள்கள் குறித்து ஒரு விசாரணை நடந்தது. அதன் நூலைப் பிடித்துக்கொண்டு தெற்குக் கலிபோர்னியாவுக்குப் போனார்கள். சான் டியேகோ பாட்ரெஸ் அணியின் நட்சத்திரம் டோனி க்வின், தன் சொந்த அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்திட்ட பொருள்கள் விற்பனைக்கு இருப்பதைக் கண்டு அதிகாரிகளிடம் சொன்னார். சொந்த வீட்டுத் திண்ணையில் அவர் பெயரை விற்றிருக்கிறார்கள்! 1999 அக்டோபரில் ஒரே நாளில் பல இடங்களில் சோதனை நடந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானார்கள். பறிமுதல் செய்த பொருள்களுக்கு நடுவே அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் ஒன்றும் இருந்தது.

அவர்கள் வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். புதுப் பந்துக்கு அரக்கு வார்னிஷ் பூசி மஞ்சளாக்கினார்கள். நாய்த் தீனிப் பையில் போட்டு வைத்துப் பழைய வாசம் ஏற்றினார்கள். பழைய புத்தகங்களிலிருந்து எழுதாத பக்கங்களைக் கிழித்து, அந்தத் தாளில் ரூத்தின் கையெழுத்தைப் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் இருந்தது, முத்திரையும் இருந்தது. கையெழுத்துச் சந்தையில் பாதிக்கும் மேல் போலியாக இருக்கலாம் என்பது அந்த விசாரணை அதிகாரிகளின் கணிப்பு.

ஹோலோகிராம் மட்டும் என்ன வாழ்ந்தது? 2025 ஜூலையில் இண்டியானா மாநில வியாபாரி ஒருவர், பெயர்பெற்ற நிறுவனங்களின் ஹோலோகிராம்களையே போலியாகச் செய்து ஒட்டி விற்றதாகத் தானே எழுதி வைத்தார். அவர் சொன்ன தொகை 35 கோடி டாலர். அந்தத் தொகையை இத்துறையில் பலர் நம்பவில்லை. ஆனால் ஒட்டும் வில்லையைப் போலி செய்ய முடியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பிட்ஸ்பர்க் வாசி, சான்றிதழை எழுதியவர் யார்? கடைக்காரரா, வெளியாளா?

பிட்ஸ்பர்க் வாசி:

இப்போதுதான் கவனித்தேன். சான்றிதழின் அடியில் இருக்கும் முகவரி, கடையின் முகவரியேதான்.

பழம்பந்து:

பந்தைச் செய்த நிறுவனத்தின் பெயர் என்ன? ஃபீனியின் பெயருக்கு அருகில் இருக்கும். படத்தில் வெளிச்சம் பட்டு மறைந்திருக்கிறது.

பிட்ஸ்பர்க் வாசி:

ராலிங்ஸ். பக்கத்தில் சின்ன எழுத்தில் ஹெய்தி என்றும் இருக்கிறது. இது முக்கியமா?

பழம்பந்து:

மன்னியுங்கள் ஐயா. இதைச் சொல்ல எனக்கே கை வரவில்லை.

1976 பருவம் வரை நேஷனல் லீகின் அதிகாரபூர்வப் பந்தில் இருந்த பெயர் ஸ்பால்டிங். ராலிங்ஸ் பெயர் வந்தது 1977இல். கிளமென்டே இறந்தது 1972 டிசம்பர் 31 அன்று. நிகராகுவாவில் நிலநடுக்கம் வந்து மனாகுவா நகரம் இடிந்து கிடந்தபோது, நிவாரணப் பொருள்களை ஏற்றிய விமானத்தில் தானே ஏறிப் போனார். போர்ட்டோ ரிக்கோவின் சான் வானிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. அவர் உடல் கிடைக்கவே இல்லை.

உங்கள் மேசையில் இருக்கும் பந்து, அவர் போய்க் குறைந்தது நான்கு ஆண்டுகள் கழிந்து உண்டானது. கையெழுத்தை ஆராயவே தேவையில்லை. எந்த நிபுணருக்கும் அனுப்பிப் பணம் செலவழிக்காதீர்கள்.

உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு வழியும் உண்டு. 1974 முதல்தான் பந்துக்கு மாட்டுத்தோல் போடத் தொடங்கினார்கள். அதற்கு முன் குதிரைத்தோல். கிளமென்டே தன் வாழ்நாளில் கையெழுத்திட்ட அதிகாரபூர்வப் பந்துகள் குதிரைத்தோலால் ஆனவை. தோலைப் பார்த்து வேறுபாடு சொல்லப் பழகிய கண் வேண்டும். அச்சில் இருக்கும் பெயரைப் படிக்க யாராலும் முடியும்.

வலதுகளம்:

பழம்பந்து சொல்வது முழுக்கச் சரி. தலைவரின் பெயரோடு நின்றுவிட்டேன், தயாரித்தவர் பெயரைக் கேட்கவில்லை. பிட்ஸ்பர்க் வாசி, "பதற வேண்டாம்" என்று உங்களுக்கு வீண் நம்பிக்கை கொடுத்துவிட்டேன். வருந்துகிறேன். ஃபீனி பதினேழு பருவங்கள் தலைவராக இருந்தார். அதில் முதல் மூன்று மட்டுமே கிளமென்டேக்கு உரியவை. போலி செய்தவன் ஃபீனி பெயரைத் தேடிப் பிடித்திருக்கிறான், அடுத்த வரியைப் படிக்கவில்லை. நானும் அதே இடத்தில்தான் தவறினேன்.

தையற்காரி:

இங்கே எப்போதாவதுதான் எழுதுவேன். படித்ததும் மனம் கனத்துவிட்டது. எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. என் கணவர் பழம்பொருள் சந்தை ஒன்றில் அந்தக் கால வீரர் லூ கெரிக் கையெழுத்திட்டதாக ஒரு பந்து வாங்கி வந்தார். மை அழகாக, சீராக, ஒரே தடிமனில் ஓடியிருந்தது. எங்கள் மகள்தான், "இது பந்துமுனைப் பேனாவில் எழுதியதாயிற்றே" என்றாள். கெரிக் இறந்தது 1941 ஜூனில். அமெரிக்காவில் பந்துமுனைப் பேனா கடைக்கு வந்தது 1945 அக்டோபரில், நியூயார்க் கிம்பெல்ஸ் அங்காடியில். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அவர் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. பணம் போனதைவிட, கெரிக்கின் கை பட்ட பொருளைத் தொட்டோம் என்று நினைத்திருந்த அந்த ஒரு வாரம் பொய்யாகிப்போனதுதான் அவரை வாட்டியது. உங்கள் மகனுக்கு அது நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணா.

ஓய்வுபெற்ற வங்கியாளர்:

அன்பர்களுக்கு வணக்கம். எனக்கு பேஸ்பால் பற்றி அதிகம் தெரியாது. மகளுடன் கொலம்பஸ் நகரில் இருக்கிறேன். பேரனுக்காக ஆட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் முப்பத்தோரு ஆண்டுகள் வங்கியில் காசோலைக் கையெழுத்துகளை மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டவன் என்ற முறையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

தம்பி, உங்கள் மகனின் கண் கூர்மையானது. தன் பெயரை எழுதுகிறவன் யோசித்து எழுதுவதில்லை. பேனா தாளைத் தொடும்போதே நகர்ந்துகொண்டிருக்கும், விடும்போதும் நகர்ந்துகொண்டே விடும். ஆகவே கோட்டின் தொடக்கமும் முடிவும் ஊசி முனைபோல மெலியும். உங்கள் பந்தில் பெரிய "ஆர்" எழுத்தின் முதல் கோட்டைப் பாருங்கள். மொட்டையாகத் தொடங்கி மொட்டையாக முடிகிறது. பேனாவை வைத்து, நிறுத்தி, பிறகு இழுத்திருக்கிறார்கள். அடுத்து "சி" எழுத்தின் வளைவு. வேகமாகப் போன கை வளைவைச் சறுக்கிக்கொண்டு கடக்கும். இங்கே நான்கு இடங்களில் சிறு நடுக்கம். அது முதுமை நடுக்கம் அல்ல. கிளமென்டே இறந்தபோதே அவருக்கு முப்பத்தெட்டு வயதுதான். பார்த்துப் பார்த்து வரைகிறவனின் நடுக்கம் அது. "எம்" எழுத்துக்கும் "இ" எழுத்துக்கும் இடையில் பேனாவை எடுத்து மறுபடி வைத்த தடமும் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அசல் மாதிரியோடு ஒத்துப்போகிறது என்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரே மனிதர் போட்ட இரண்டு கையெழுத்துகள் இம்மி பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால், எங்கள் கிளையில் நாங்கள் முதலில் சந்தேகப்பட்டது அதைத்தான். இயல்பான கையெழுத்து ஒவ்வொரு முறையும் சற்று மாறும், ஓட்டம் மாறாது. பொய்க் கையெழுத்தில் வடிவம் இருக்கும், ஓட்டம் இருக்காது.

கடைத்தெரு:

நான் எழுதியதை வாபஸ் பெறுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. இரண்டு லீகுகளுக்கும் மேலான மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பே ஹோலோகிராம் ஒட்டித் தருகிறதே, அதையாவது நம்பலாமா? கையெழுத்துகளைச் சரிபார்த்துத் தரும் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்களின் கடிதங்களை எப்படி எடுத்துக்கொள்வது?

மைத்துளி:

நல்ல கேள்வி. இரண்டும் வேறு வேறு.

மேஜர் லீகின் திட்டம் 2001இல் தொடங்கியது. புல்பென் விசாரணை கொடுத்த பாடம் அது. அவர்கள் அமர்த்தும் சான்றாளர்கள் பெரும்பாலும் காவல்துறையில் இருப்பவர்கள் அல்லது இருந்தவர்கள். மைதானத்தில் உட்கார்ந்து, பந்து களத்திலிருந்து வெளியே வருவதையோ வீரர் கையெழுத்துப் போடுவதையோ நேரில் பார்த்தால் மட்டும் வில்லையை ஒட்டுவார்கள். பார்க்காததற்கு ஒட்ட மாட்டார்கள். அதனால்தான் அதற்கு மதிப்பு. அதே காரணத்தால் 1960களின் கிளமென்டே கையெழுத்துக்கு அந்த வில்லை ஒருநாளும் கிடைக்காது. யாராவது அப்படி விற்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வில்லையின் எண்ணை லீகின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். எண்ணுக்குரிய பொருளும் கையில் இருக்கும் பொருளும் ஒன்றுதானா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

மற்ற நிறுவனங்கள் தருவது கருத்து. பல ஆயிரம் கையெழுத்துகளைப் பார்த்த கண்ணின் கருத்து, அதற்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அவர்கள் சாட்சிகள் அல்லர். ஒரு கடிதத்தைக் காட்டினால் இரண்டு விஷயம் பார்ப்பேன். அது இந்தப் பொருளுக்குத்தான் எழுதப்பட்டதா? படம் இருக்கிறதா? நேரில் பார்த்த சாட்சி இல்லாத பொருளுக்கு நான் தேடுவது அதன் கதையை: யார் வாங்கினார்கள், எங்கே, யார் கையிலிருந்து யாரிடம் போனது. கிளமென்டே விஷயத்தில் இது இன்னும் முக்கியம். மேன்டில், டிமாஜியோ, டெட் வில்லியம்ஸ் போன்ற பழைய நட்சத்திரங்கள் எல்லாம் ஓய்வுபெற்ற பிறகு மேசை போட்டு உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டவர்கள். கிளமென்டேக்கு ஓய்வுக் காலமே வாய்க்கவில்லை. அவர் போட்டதெல்லாம் மைதான வேலியோரத்தில், பஸ் படிக்கட்டில், விடுதி வாசலில். அசல் குறைவு, ஆசை அதிகம். போலிக்காரனுக்கு இதைவிட வசதியான பெயர் கிடைக்காது.

இரண்டாம்கை:

ஒரு நடைமுறை யோசனை. கடைக்காரர் பணம் தராவிட்டால், "கையெழுத்தின் உண்மைக்குப் பொறுப்பில்லை" என்று எழுதிவிட்டு ஏலத்தில் போடுங்கள். போட்ட பணத்தில் பாதியாவது வரும். பொய் சொல்லவில்லையே.

மைத்துளி:

கூடவே கூடாது. போலி என்று தெரிந்துகொண்டு "பொறுப்பில்லை" என்று எழுதுவது பொய்யைவிட மோசம். அந்தப் பந்தை வாங்கப்போகிறவர் இன்னொரு தகப்பனாக இருப்பார். அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும். பட்டினி கிடக்கும் மக்களுக்கு உணவு கொண்டுபோய் உயிரை விட்ட மனிதரின் பெயர் அது. அதை நம் கையால் இன்னொரு முறை விற்பதா? இந்த யோசனையை இங்கே பார்த்ததில் எனக்கு மிகுந்த வருத்தம்.

பிட்ஸ்பர்க் வாசி, கடன் அட்டையில் வாங்கினீர்களா?

பிட்ஸ்பர்க் வாசி:

ஆம், கடன் அட்டைதான். இரண்டாம்கை நண்பருக்கும் நன்றி, ஆனால் நான் அதைச் செய்ய மாட்டேன்.

பழம்பந்து:

அப்படியானால் இன்றே எழுதுங்கள். கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து அறுபது நாளுக்குள் அட்டை நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். ஐந்து வாரம் போய்விட்டது, இன்னும் தாமதிக்காதீர்கள். கடையின் விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளை அது மாயமாகிவிடலாம். கடிதத்தில் மை, நடுக்கம், ஓட்டம் எதையும் எழுத வேண்டாம், அவை விவாதத்துக்கு உரியவை. ராலிங்ஸ் 1977, கிளமென்டே 1972. இந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் எழுதுங்கள். எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார்ப் பக்கத்திலும் பதிவு செய்யுங்கள்.

பிட்ஸ்பர்க் வாசி:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கடைக்காரர் முதலில் "எங்கள் சான்றிதழே இறுதியானது" என்றார். அட்டை நிறுவனத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் நகலை அனுப்பியதும் தொனி மாறியது. பந்தைத் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தருவதாகச் சொன்னார். இங்கேதான் மனம் இடறியது. திருப்பி அனுப்பினால் அடுத்த வாரம் அதே பந்து வேறொருவர் வீட்டுக்குப் போகும். அனுப்பாவிட்டால் பணம் கிடைக்காது. கையெழுத்தை அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அட்டை நிறுவனத்தில் பேசியபோது, பொருளை வந்தபடியே திருப்பித் தர வேண்டும் என்றார்கள்.

கடைசியில் மகனும் நானும் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் படமெடுத்தோம். "ஆர்" எழுத்துக்கு மேலே மூன்றாவது தையல் ஓட்டையில் நூல் லேசாகப் பிரிந்திருக்கிறது. ஃபீனியின் பெயரில் கடைசி எழுத்து மங்கியிருக்கிறது. ஹோலோகிராம் எண்ணோடு எல்லாப் படங்களையும் இங்கே போட்டிருக்கிறேன். புகாரோடும் இணைத்தேன். இந்தப் பந்து மறுபடி எங்கே தலைகாட்டினாலும் அடையாளம் தெரியும். பிறகு அனுப்பினேன். பணம் நேற்று வந்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் தெருக்கோடியில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். குளிர்காலத்தில் அவர் வாசல் பனியை என் மகன்தான் தள்ளுவான். அவனிடம் கதை கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. ஞாயிறு மாலை எங்களை உள்ளே அழைத்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ஆட்ட நிகழ்ச்சித் தாளை எடுத்தார். ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானம், 1966. தன் இருபத்து மூன்றாம் வயதில் வலது பக்க வேலியோரம் நின்று கிளமென்டேயிடம் நீட்டினாராம். பேனா இல்லை, ஸ்கோர் எழுத வைத்திருந்த பென்சில்தான் இருந்தது. விற்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள், எந்த நிறுவனத்துக்கும் அனுப்பிப் பார்த்ததும் இல்லை என்றார்.

வங்கியாளர் ஐயா, நீங்கள் சொன்னதை நினைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். முதல் எழுத்து தாளைத் தொடும் இடத்தில் பென்சில் கோடு மயிரிழையாகத் தொடங்குகிறது. பெயர் பாதிக்கு மேல் சரிந்து ஏறுகிறது, நடந்துகொண்டே எழுதியிருக்கிறார். கடைசி எழுத்துகளுக்குத் தாளில் இடம் போதவில்லை. கோடு விளிம்பில் அறுந்து நிற்கிறது. என் மகன் அந்த விளிம்பை விரலால் தொடாமல், அதற்கு மேலே காற்றில் கோட்டை நீட்டிப் பார்த்தான். மீதி எழுத்து தன் சட்டைக் கையில் விழுந்ததாம். அந்தச் சட்டையை அம்மா துவைத்துவிட்டார் என்றார் பெரியவர்.